மலிவு ராக்கெட்டும் தப்புக் கணக்கும்

இருபது லட்சம் டாலர் ஏவுகணையை விட்டு இருபதாயிரம் டாலர் டிரோனை வீழ்த்துவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாத பாதுகாப்புத் துறை விமர்சகர் இன்று இல்லை. 2023 அக்டோபரில் அமெரிக்கப் போர்க்கப்பல் யூஎஸ்எஸ் கார்னி செங்கடலில் ஹூதிகளின் டிரோன்களைச் சுடத் தொடங்கிய நாள் முதல் நாளேடுகளின் நடுப்பக்கத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த வாக்கியம் மந்திரம்போல ஓதப்படுகிறது. இப்போது அதற்குப் பரிகாரமும் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். போர் விமானத்தின் இறக்கைக்கடியில் கொத்தாகத் தொங்கும், லேசர் ஒளிப்புள்ளியைத் தேடிப் போகும், ஒன்று முப்பதாயிரம் டாலர் அளவில் முடிந்துவிடும் சின்ன ராக்கெட். ஏபிகேடபிள்யூஎஸ் என்று பெயர். பிஏஈ சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. விலை இறங்கிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது, இனி டிரோன்களைப் பற்றிக் கவலை இல்லை என்பதுதான் இன்றைய பொதுக்கருத்து.

ராக்கெட்டில் குறையில்லை. அதைப் புகழச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. காரணம் தவறினால் என்ன, பொருள் நல்லதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. ஓர் ஆயுதத்தை எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை வாங்குவது, எங்கே வைப்பது, எதை வாங்காமல் விடுவது என்பதெல்லாம் முடிவாகிறது.

முதலில் அவர்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஈரானின் ஷாஹெட்-136 டிரோனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு 20,000 முதல் 50,000 டாலர். 2025-ல் பிஏஈ நிறுவனத்துக்குக் கிடைத்த ஒப்பந்தம் 55,000 வழிகாட்டும் கருவிகள் வரைக்கும் 170 கோடி டாலர். வகுத்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 31,000. அதுவும் கருவிக்கு மட்டும். பின்னாலுள்ள மோட்டாரும் முன்னாலுள்ள வெடிமுனையும் தனி. ஒன்று தவறி இரண்டாவதையும் விட்டால் அங்கேயே டிரோனின் விலையைத் தாண்டியாயிற்று. அந்த ராக்கெட்டைச் சுமந்துபோன எஃப்-16 ஒரு மணி நேரம் பறக்க, பராமரிப்பெல்லாம் சேர்த்து, இருபதாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. டிரோன் எப்போது வரும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஆகவே விமானங்கள் மணிக்கணக்கில் வானில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவானில் எரிபொருள் ஊற்ற இன்னொரு பெரிய விமானம் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிறவன் அங்குசம் மலிவாகக் கிடைத்ததென்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதுபோன்ற கணக்கு இது.

விலைதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலில் முதலில் தோற்பது இந்த ராக்கெட்தான். உக்ரைனியர்கள் ஷாஹெட்டைத் துரத்திப்போய் மோதும் சிறு டிரோன்களைச் சில ஆயிரம் டாலரில் செய்கிறார்கள். எதிரியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ரஷ்யா ஷாஹெட்களுக்கு நடுவே கெர்பெரா என்ற ஏமாற்று டிரோனைக் கலந்து விடுகிறது. ஒட்டுப்பலகையும் நுரைப்பொருளும் சேர்த்துச் செய்தது. பெரும்பாலும் வெடிமருந்துகூட இருக்காது. சுடவைத்து ஆயுதத்தைத் தீர்க்கவைப்பதுதான் அதன் வேலை. 2025 செப்டம்பரில் போலந்துக்குள் புகுந்தவற்றில் இவையும் இருந்தன. விலையைக் குறைக்கும் போட்டியில் தாக்குகிறவனுக்குத் தரைமட்டமே எல்லை. தற்காத்துக்கொள்பவனால் அவனுக்குக் கீழே போகவே முடியாது, ஏனென்றால் நுரைப்பலகைக்குக் கண் வேண்டாம், சுடும் ராக்கெட்டுக்குக் கண் வேண்டும்.

ஏவுகணையின் விலையை டிரோனின் விலையோடு ஒப்பிடுவதே பிழையான தொடக்கம். சுடுகிறவன் டிரோனை விலைக்கு வாங்கவில்லை. அது போய் விழவிருந்த இடத்தைக் காக்கிறான். கார்னி வகைப் போர்க்கப்பல் ஒன்றின் விலை இன்று 200 கோடி டாலருக்கு மேல். உள்ளே முன்னூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2024 ஜனவரி 28 அன்று ஜோர்டானில் டவர் 22 என்ற முகாமில் ஒரே ஒரு டிரோன் தடுக்கப்படாமல் வந்து விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த டிரோனைத் தடுத்திருக்கக்கூடிய ஏவுகணை எவ்வளவு விலை என்று அன்று எந்த விமர்சகரும் எழுதவில்லை. சூயஸ் கால்வாயின் வருமானம் 2023-ல் 1,025 கோடி டாலர். செங்கடல் தாக்குதல்களால் 2024-ல் அது 399 கோடியாகச் சரிந்தது. ஒப்பிட வேண்டுமானால் கார்னி போன்ற கப்பல்கள் சுடும் எஸ்எம்-2 ஏவுகணையின் விலையை இவற்றோடு ஒப்பிடலாம்.

பணப்பையின் அளவையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் வைஸ் அட்மிரல் பிரெண்டன் மெக்லேன் ஒரு கணக்குக் கொடுத்தார். செங்கடல் மோதல் தொடங்கிய பதினைந்து மாதங்களில் 120 எஸ்எம்-2, 80 எஸ்எம்-6, வேறு இரு வகைகளில் சேர்த்து 20 ஏவுகணைகள், 160 பீரங்கிக் குண்டுகள் சுடப்பட்டிருந்தன. எஸ்எம்-2 ஒன்று 20 லட்சம், எஸ்எம்-6 ஒன்று 40 லட்சம் என்று வைத்தால் இந்த இரண்டுக்கும் 56 கோடி டாலர். அமெரிக்காவின் ஓராண்டுப் பாதுகாப்புச் செலவு 85,000 கோடிக்கும் குறையாது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எஃப்/ஏ-18 விமானம் ஒன்றின் விலை ஆறு கோடிக்கு மேல். டிரூமன் விமானந்தாங்கிக் கப்பலின் குழு அதே கடலில் ஐந்து மாதங்களுக்குள் அதில் மூன்றை இழந்தது. ஒன்றைத் தங்கள் பக்கத்துக் கப்பலே சுட்டு வீழ்த்தியது, ஒன்று கப்பலிலிருந்து உருண்டு கடலில் விழுந்தது, மூன்றாவது இறங்கும்போது போயிற்று. மூன்றில் ஒன்றைக்கூட ஹூதிகள் சுட்டு வீழ்த்தவில்லை.

அப்படியானால் கடற்படைக்கு வலித்தது எது? எஸ்எம்-6 ஏவுகணை அப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 125-தான் தயாரானது. 80 சுட்டால் எட்டு மாத உற்பத்தி போயிற்று. போர்க்கப்பலின் செங்குத்துக் குழல்களில் உள்ளதைச் சுட்டுத் தீர்த்துவிட்டால் நடுக்கடலில் மறுபடி நிரப்ப முடியாது. துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். 2024 அக்டோபரில்தான் யூஎஸ்எஸ் சோசின் கப்பலில் அதற்கான சோதனையே முதல்முறையாக நடந்தது. பணம் தீரவில்லை, சரக்குத் தீர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பது மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும், விவாத மேடைகளுக்கு மட்டும் தெரியவில்லை.

இதற்குச் சரியான சாட்சி 2024 ஏப்ரல் 13 இரவு. இஸ்ரேலை நோக்கி ஈரான் முன்னூறுக்கும் மேற்பட்ட டிரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியது. வழியில் மறிக்க நின்றவற்றில் இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து வந்திருந்த 494-ஆம் படைப்பிரிவின் எஃப்-15ஈ விமானங்களும் இருந்தன. எஃப்-15ஈ அதிகபட்சம் எட்டு வான்வழி ஏவுகணைகளைச் சுமக்கும். இருபது நிமிட நேரத்தில் அவை தீர்ந்துவிட்டன, டிரோன்கள் தீரவில்லை. தரையைத் தாக்கக் கொண்டுபோயிருந்த குண்டுகளை மேலிருந்து டிரோன்மேல் போட்டுப் பார்த்தார்கள், படவில்லை. மேஜர் பெஞ்சமின் காஃபியும் கேப்டன் லேசி ஹெஸ்டரும் இருந்த விமானம் இருட்டில், தரைக்கு மிக அருகே இறங்கி, பீரங்கியால் சுடப் பார்த்தது. மெதுவாகப் போகும் சிறு பொருளை அசுர வேகத்தில் நெருங்கிச் சுடுவது பகலிலேயே ஆபத்து. அதுவும் படவில்லை. இருவருக்கும் பின்னர் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

அந்த இரவில், சுமந்துபோன ஆம்ராம் வான்வழி ஏவுகணை ஒன்று பத்து லட்சம் டாலர் என்று அந்த விமானத்தில் யாரும் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஒன்பதாவது இல்லையே என்பதுதான் அவர்கள் கவலை.

ஓராண்டு கழித்து, 2025-ல், அதே வகை விமானங்கள் வேறு கோலத்தில் மேற்காசியாவில் தென்பட்டன. இறக்கைக்கடியில் ஏழு குழல் கொண்ட ஆறு கூடுகள். மொத்தம் 42 லேசர் ராக்கெட்டுகள். வழக்கமான எட்டு ஏவுகணைகளும் கூடவே. எட்டு முறை சுடக்கூடிய விமானம் ஐம்பது முறை சுடக்கூடிய விமானமாக மாறியது. இந்த ராக்கெட்டைப் பற்றிச் சொல்லத் தகுந்த செய்தி இதுதான். ஒன்றுக்கு முப்பதாயிரம் டாலருக்குப் பதில் மூன்று லட்சம் ஆனாலும் ஏப்ரல் 13 போன்ற இரவில் இதன் மதிப்பு குறையாது.

இந்த எழுபது மில்லிமீட்டர் ராக்கெட் என்றைக்கும் மலிவாகத்தான் இருந்தது என்பதையும் புகழ்பாடிகள் மறந்துவிடுகிறார்கள். 1940-களின் கடைசியில் சோவியத் குண்டுவீச்சு விமானங்களை வானிலேயே வீழ்த்துவதற்காகப் பிறந்தது இது. 'மைட்டி மவுஸ்' என்று செல்லப்பெயர். தனித்தனியாகக் குறிவைக்க முடியாது, மழைபோலப் பொழிந்தால் ஏதாவது ஒன்று படும் என்பது நம்பிக்கை. 1956 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. கடற்படையின் பழைய ஹெல்கேட் விமானம் ஒன்று, ஆளில்லாமல் இயங்கும் இலக்காக மாற்றப்பட்டது, கட்டுப்பாட்டை இழந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரை நோக்கித் திரும்பியது. மறிக்கப் போன இரண்டு எஃப்-89டி விமானங்கள் ஆளுக்கு 104 வீதம் 208 ராக்கெட்டுகளையும் சுட்டுத் தீர்த்தன. ஒன்றுகூட வீழ்த்தவில்லை. கீழே காடும் புதரும் பற்றி எரிந்து ஆயிரம் ஏக்கருக்கு மேல் நாசம். பாம்டேல் ஊரில் வீடுகளும் கார்களும் சேதம். உயிரிழப்பு இல்லாதது அதிர்ஷ்டம். அந்த ஹெல்கேட் எரிபொருள் தீர்ந்து பாலைவனத்தில் தானாக விழுந்தது.

அன்று இல்லாதது கண். அதை எப்படிப் பொருத்தினார்கள் என்பதில்தான் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. விலைப்பேச்சில் அடிபட்டுப்போகும் பகுதியும் இதுவே. வழிகாட்டும் ஏவுகணைகளில் கண் மூக்கில் இருக்கும். இங்கே மூக்கில் ஏற்கெனவே வெடிமுனை இருக்கிறது, வாலில் மோட்டார் இருக்கிறது. இரண்டையும் மாற்றினால் கிடங்குகளில் குவிந்து கிடக்கும் பழைய சரக்கு வீணாகும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டைச் செருகினார்கள். அந்தத் துண்டிலிருந்து நான்கு சிறு இறக்கைகள் விரியும். லேசரைப் பார்க்கும் கண்கள் அந்த நான்கு இறக்கைகளிலும் பதிந்திருக்கும். குழலுக்குள் இருக்கும்வரை இறக்கைகள் உடலுக்குள் மடங்கி மூடியிருப்பதால், பக்கத்து ராக்கெட் கக்கும் நெருப்பும் புகையும் கண்ணாடியைத் தீண்டாது. ஏவிய பிறகே விரிந்து பார்க்கத் தொடங்கும். பழைய மோட்டார், பழைய வெடிமுனை, பழைய கூடு. நடுவில் புதிய துண்டு ஒன்று. விலை குறைந்தது இதன் பக்கவிளைவு. இதைவிடப் பெரிய விளைவு, ஆயிரக்கணக்கில் வேகமாகச் செய்ய முடிவது. இந்தக் கருவி இன்று ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல் தயாராகிறது. ஆம்ராம் ஏவுகணையோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200.

மலிவு என்றால் எளிதாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இந்த ராக்கெட்டின் முதல் வடிவத்தை அமெரிக்கத் தரைப்படை 2005-ல் கைவிட்டது. மறுபடி தொடங்கி, கடற்படை கைக்கு மாறி, 2012-ல்தான் ஆப்கானிஸ்தானில் கடற்படைக் காலாட்படையின் ஹெலிகாப்டர்களிலிருந்து போருக்குப் போனது. குறிவைக்காத ராக்கெட்டுக்கும் ஒரு லட்சம் டாலர் ஹெல்ஃபயர் ஏவுகணைக்கும் நடுவே, சிறிய இலக்கைச் சுற்றுப்புறம் சிதறாமல் அடிக்க அது உதவியது. 2019 டிசம்பரில் புளோரிடாவின் எக்ளின் தளத்தில் எஃப்-16 ஒன்று இதே ராக்கெட்டால் வானில் பறந்த டிரோனை வீழ்த்திக் காட்டியது. விலை அன்றைக்கே தெரியும். திறமையும் தெரியும். ஆனாலும் நான்கு ஆண்டு கடந்து ஈரானிய டிரோன்கள் வந்த இரவில் அந்த எஃப்-15ஈ விமானங்களில் இது ஒன்றுகூட இல்லை. விலைதான் எல்லாம் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை.

இனி ராக்கெட்டின் எல்லைகள். சுடும் விமானமோ கூட வரும் இன்னொரு விமானமோ, ராக்கெட் போய்ச் சேரும்வரை இலக்கின்மேல் லேசரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மேகமும் புழுதியும் லேசருக்கு எதிரி. ஒரு நேரத்தில் ஓர் இலக்கைத்தான் கவனிக்க முடியும். தொலைவிலிருந்து சுட்டுவிட்டுத் திரும்பிவிடும் ஆம்ராம் போலன்றி, இதற்குச் சில கிலோமீட்டர் வரை நெருங்கிப் போக வேண்டும். டிரோனுக்கு அருகே போவது என்ன விலை கேட்கும் என்று உக்ரைனிய விமானிகள் அறிவார்கள். 2022 அக்டோபரில் ஒரு மிக்-29, தான் வீழ்த்திய ஷாஹெட்டின் சிதறல் பட்டு விழுந்தது; விமானி குதித்துத் தப்பினார். 2025 ஜூன் 29 அன்று எஃப்-16 விமானி மாக்சிம் உஸ்திமென்கோ ஏழு இலக்குகளை வீழ்த்தினார். கடைசியதைத் தாக்கும்போது விமானம் சேதமடைந்து, குதிக்க நேரமில்லாமல் இறந்தார். அவர் சுட்டது எந்த ஆயுதத்தால் என்பது இங்கே பொருட்டல்ல, நெருக்கம்தான் பொருட்டு. முப்பதாயிரம் டாலர் என்று எழுதும் விலைப்பட்டியலில் இந்த வரிக்கு இடமில்லை. பிஏஈ இப்போது லேசரோடு வெப்பத்தையும் பார்க்கும் கண்ணைச் சேர்க்கப் பார்க்கிறது. சுட்டுவிட்டு அடுத்ததைக் கவனிக்கலாம். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கண் வந்தால் விலையும் ஏறும், அப்போது மலிவுவாதிகள் என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதுதான். நீண்ட போரில் கடைசியில் பணமும் தீரும், உற்பத்தி என்பதே பணம்தானே, விலை குறைந்தால்தானே அதிகம் செய்ய முடியும் என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு ஆம்ராமின் வரலாறே பதில் சொல்கிறது. 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த அதன் மோட்டார்கள் கடுங்குளிர்ச் சோதனையில் தேறவில்லை. வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தது, மற்ற பாகங்கள் தயாராக இருந்தன, ஏவுகணைகள் வரவில்லை. நார்வே நிறுவனமான நம்மோ மோட்டார் செய்து கொடுத்த பிறகே முடை தீர்ந்தது. பணத்தைக் கொட்டினாலும் மோட்டார் வார்க்கும் ஆலையும் அதை அறிந்த கைகளும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. விலையை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

விலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பழைய பீரங்கிகளும் கண்ணுக்குத் தெரியும். 2025 மே 8 இரவு, லே முதல் சர் க்ரீக் வரை 36 இடங்களில் பாகிஸ்தான் 300 முதல் 400 டிரோன்களை அனுப்பியதாக இந்திய அரசு அறிவித்தது. அவற்றை எதிர்கொண்டவற்றில் எல்-70 பீரங்கிகள் முக்கியமானவை. 1960-களில் ஸ்வீடனின் போஃபர்ஸிடமிருந்து வந்த வகை; ரேடாரும் கேமராவும் பொருத்திப் புதுப்பித்தவை. அவை பயன்பட்டது குண்டு மலிவு என்பதால் மட்டுமல்ல. வேண்டிய இடத்தில், வேண்டிய எண்ணிக்கையில், ஆட்களோடு ஏற்கெனவே நின்றன. பறந்து வந்து சேர வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. விமான ராக்கெட் வந்துவிட்டது என்று தரைக்காவலைக் குறைக்க நினைக்கும் எந்த நாடும் இந்த இரவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ராக்கெட்டின் உண்மையான மதிப்பு எது என்று சந்தேகம் இருந்தால், 2025 ஜூனில் வாஷிங்டனுக்கும் கீவுக்கும் இடையே நடந்ததைப் பார்த்தால் போதும். இலக்கின் பக்கத்தில் போனதும் தானே வெடிக்கவைக்கும் ஃபியூஸ் ஒன்று இந்த ராக்கெட்டுக்காகவே உண்டு. நேராகப் படாவிட்டாலும் டிரோனை வீழ்த்தும். உக்ரைன் தரையிலிருந்து ஏவும் ராக்கெட்டுகளுக்கென்று வாங்கப்பட்ட அந்த ஃபியூஸ்களை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மேற்காசியாவிலுள்ள தன் விமானப்படைப் பிரிவுகளுக்குத் திருப்பிவிட்டது. நமக்கு வர வேண்டிய இருபதாயிரம் ஷாஹெட் எதிர்ப்பு ஏவுகணைகள் போய்விட்டன என்று ஸெலென்ஸ்கி அமெரிக்கத் தொலைக்காட்சியில் முறையிட்டார். அது ஜூன் 8. அன்றிரவு ரஷ்யா உக்ரைன்மீது 479 டிரோன்களை ஏவியது.